நாத்தான் சொன்ன கதையும் நம் ஊர்க் கூத்து மேடையும்



தாவீது அரசரைத் திருத்துவதற்காக இறைவாக்கினர் நாத்தான் சென்ற நிகழ்ச்சியை நாம் அனைவரும் அறிவோம் (2 சாமுவேல் 12). அரசர் செய்தது சிறு தவறு அன்று. பிறன் மனைவியைக் கவர்ந்தார். அதை மறைக்க அவளுடைய கணவர் உரியாவைப் போர்முனையில் சாகும்படி விட்டார். இதை அவருடைய முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? சட்டத்தை நினைவூட்டலாம், அரசருக்குச் சட்டம் தெரியாதா என்ன? கோபமாகக் கண்டிக்கலாம்; காவலர்கள் வாசலிலேயே நிற்கிறார்கள். நாத்தான் ஒரு கதை சொன்னார். ஏராளமான ஆடுமாடு வைத்திருந்த செல்வன் ஒருவன், தன் விருந்தாளிக்குச் சமைப்பதற்காக, ஏழை ஒருவன் பிள்ளைபோல் வளர்த்த ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு போன கதை. கேட்ட தாவீது கொதித்தெழுந்தார். அந்தச் செல்வன் சாகவேண்டியவன் என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். அதன் பிறகுதான், அந்த மனிதர் வேறு யாருமல்லர், நீரே என்று நாத்தான் வாய்திறந்தார்.

தீர்ப்பு முதலில் வந்தது. குற்றவாளியின் பெயர் பிறகு வந்தது. இந்த வரிசை மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். பெயரை முதலில் சொல்லியிருந்தால் அரசர் தமக்காக வழக்காடத் தொடங்கியிருப்பார். கதை அவரை வழக்கறிஞர் இருக்கையிலிருந்து எழுப்பி நீதிபதியின் இருக்கையில் உட்கார வைத்தது.

ஊர்களில், பங்குகளில், குடும்பங்களில் ஆண்டாண்டு காலமாகத் தீராமல் கிடக்கும் சிக்கல்களைக் கதை, கூத்து, பாட்டு, நாடகம், இலக்கியம் ஆகியவற்றின் வழியாக அணுகும் முயற்சிகள் நம் தமிழகத்திலும் ஈழத்திலும் நடந்திருக்கின்றன. அவற்றில் சிலவற்றை அருட்சகோதரிகளும் குருக்களுமே முன்னின்று நடத்தினார்கள். அவற்றைப் பற்றி நம் பங்கு மக்கள் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே இச்சிந்தனையின் நோக்கம்.

தண்ணீர்த் தொட்டியும் தண்ணீரும்

ஊர்ச் சிக்கல்களில் இரண்டு வகை உண்டு. மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் விரிசல் விட்டுவிட்டது என்றால் அது ஒரு வகை. பணம் வேண்டும், பொறியாளர் வேண்டும், ஒரு மாதம் வேண்டும், முடிந்துவிடும். அதே தொட்டியிலிருந்து எந்தத் தெருவுக்கு முதலில் தண்ணீர் திறப்பது என்பது இரண்டாவது வகை. அதற்குப் பணமும் பொறியாளரும் போதாது. தெருவுக்குத் தெரு நியாயம் வேறு. தாத்தா காலத்துக் கதை வேறு. ஒரு முனையை இழுத்தால் இன்னொரு முனையில் முடிச்சு இறுகும்.

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோர்ஸ்ட் ரிட்டல், மெல்வின் வெபர் என்ற இரு பேராசிரியர்கள் 1973-ல் எழுதிய கட்டுரையில் இந்த இரண்டாம் வகைக்குத் தனியே இலக்கணம் சொன்னார்கள். இத்தகைய சிக்கலில் 'சிக்கல் என்ன' என்பதிலேயே மக்கள் ஒத்துப்போக மாட்டார்கள். இதோ தீர்ந்துவிட்டது என்று கோடு போட்டு நிறுத்தவும் முடியாது என்பது அவர்கள் கண்டது. நகரத் திட்டமிடலைப் பற்றி எழுதினார்கள் என்றாலும், நம் ஊர்ச் சாதி, வரதட்சணை, பெண் பிள்ளை வேண்டாம் என்ற எண்ணம், குடி, பள்ளியை விட்டுத் தறிக்குப் போகும் பிள்ளை ஆகிய எல்லாவற்றுக்கும் அது அப்படியே பொருந்தும். இவற்றில் எதற்குத்தான் சட்டம் இல்லை? வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. எந்தக் கல்யாண வீட்டிலாவது அது எட்டிப் பார்த்ததுண்டா?

கவிதைக்கு அஞ்சிய மண்

நம் தெள்ளார் வட்டாரத்துக்குத் தமிழ் இலக்கியத்தில் ஒரு தனி இடம் உண்டு. பாண்டியனை இங்கே வென்றதால்தான் பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனுக்குத் 'தெள்ளாறெறிந்த நந்திவர்மன்' என்ற பெயர் வந்தது. ஒன்பதாம் நூற்றாண்டு நிகழ்ச்சி அது. அவன்மேல் பாடப்பட்டது நந்திக்கலம்பகம். அந்தப் பாட்டைக் கேட்டால் உயிர் போகும் என்று தெரிந்தும், தமிழ்ச் சுவைக்காகவே கேட்டு மாண்டான் என்று ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. வரலாற்று ஆசிரியர்கள் இதை ஏற்பதில்லை. நானும் ஏற்கச் சொல்லவில்லை. ஆனால் வாளுக்கு அஞ்சாதவனையும் பாட்டு வீழ்த்தும் என்று நம்பிய மக்கள்தாம் நம் முன்னோர்.

அந்த நம்பிக்கை இன்னும் உயிரோடு இருக்கும் இடம் தெருக்கூத்து. செய்யாறு பக்கத்துப் புரிசை கிராமம் கூத்துக்குப் பேர்போனது. சென்னையில் 1977-ல் கூத்துப்பட்டறை தொடங்கிய எழுத்தாளர் ந. முத்துசாமி, புரிசைக் கூத்தைப் பார்த்துத்தான் தமிழ் நாடகத்தின் வேர் எங்கே இருக்கிறது என்று கண்டுகொண்டதாகச் சொல்வார்கள். புரிசைக் கலைஞர்கள் பாரதக் கதையோடு நிற்கவில்லை. ஜெர்மானிய நாடகாசிரியர் பிரெக்டின் 'வெண்கட்டி வட்டம்' கதையையும் கூத்தாக ஆடியவர்கள். ஒரு குழந்தைக்கு இரண்டு தாய்மார் உரிமை கொண்டாடும் கதை. சாலமோன் அரசரின் தீர்ப்பை (1 அரசர்கள் 3) நினைவூட்டும் கதை அது என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கூத்து இரவு முழுவதும் நடக்கும். முகவீணை, மிருதங்கம், தாளம், ஆர்மோனியம். தோளிலும் தலையிலும் கண்ணாடி பதித்த கட்டை அணிகலன்கள். கத்தோலிக்கரான நமக்கு அது பிறசமயத்தாரின் திருவிழாவோடு சேர்ந்தது என்ற தயக்கம் இருக்கலாம். அந்தத் தயக்கம் நம் முன்னோருக்குப் பெரிதாக இருந்ததாகத் தெரியவில்லை; புனிதர்களின் வரலாற்றை 'வாசாப்பு' என்ற பெயரில் இதே கூத்தின் மெட்டுகளுக்குப் பாட்டு கட்டி ஆடியவர்கள் அவர்கள். நாம் கவனிக்க வேண்டியது கூத்தில் வரும் ஒரு பாத்திரத்தை: கட்டியக்காரன்.

ராஜா வருகிறார் என்று கட்டியம் கூறுவது அவன் வேலை. ஆனால் அதோடு நிற்க மாட்டான். ராஜாவையே கேலி செய்வான். நடுநடுவே கதையை விட்டு இறங்கி, உள்ளூர்ப் பேச்சில், அரிசி விலையையும் தலைவரின் புது வீட்டையும் இழுப்பான். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதர் சிரித்துத்தான் ஆகவேண்டும். கோபித்தால் அவருக்குத்தான் அவமானம். ஊர்க் கூட்டத்தில் எவரும் வாய்விட்டுக் கேட்கத் துணியாததை நள்ளிரவு இரண்டு மணிக்கு ஒருவன் கேட்க ஊரே அனுமதி கொடுத்து வைத்திருக்கிறது. வேறு எந்த அமைப்பில் இப்படி ஓர் ஏற்பாடு உண்டு? நம் பங்குப் பேரவையில் உண்டா?

தறிக்குப் போகும் பிள்ளை

நம் மாவட்டத்துப் பெருங்கட்டூரைச் சேர்ந்த கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபால் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, தந்தை பொன்னுசாமியின் குழுவில் ஆடப் போனவர். இரவெல்லாம் ஆடும் பிள்ளை காலையில் எப்படிப் பள்ளிக்குப் போகும்? கூத்துக் குடும்பங்களில் இது தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்த சிக்கல். கலை பிழைக்க வேண்டுமானால் பிள்ளையின் படிப்பு சாகவேண்டும்; படிப்பு பிழைத்தால் கலை சாகும்.

அவரும், நெதர்லாந்திலிருந்து ஆய்வுக்கு வந்து இங்கேயே வாழத் தொடங்கிய அவருடைய துணைவியார் ஹன்னே டி புருய்னும், மற்றக் கலைஞர்களோடு சேர்ந்து 1990-ல் காஞ்சிபுரத்தில் கட்டைக்கூத்துச் சங்கம் கண்டார்கள். 2002-ல் காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துக் குருகுலம் தொடங்கினார்கள். ஏழைப் பிள்ளைகள் அங்கேயே தங்கிப் பள்ளிப் பாடமும் படித்தார்கள், கூத்தும் கற்றார்கள். இரண்டில் ஒன்று என்ற பழைய கணக்கு அங்கே உடைந்தது. அதைவிடப் பெரிய உடைப்பு, பெண் பிள்ளைகளைச் சேர்த்தது. ஆண்களே பெண் வேடம் கட்டிய கூத்தில், பெண் பிள்ளைகள் கட்டை அணிந்து துரியோதனனாகவும் அர்ச்சுனனாகவும் மேடையேறினார்கள். வயதுக்கு வந்த பெண் இரவில் ஊர் ஊராகப் போய் ஆடுவதா என்று வீட்டிலும் வெளியிலும் எழுந்த கேள்விக்கு எந்தச் சட்டமும் பதில் சொல்லியிருக்காது. அந்தப் பெண் ஆடுவதைப் பார்த்த ஊர்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பதில் சொல்லத் தொடங்கியது. குருகுலம் 2020-ல் மூடப்பட்டது. பதினெட்டு ஆண்டுகளில் வளர்ந்த பிள்ளைகளில் சிலர் இன்று தாங்களே கலைஞர்களாக இருக்கிறார்கள்.

இதை நெசவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஆரணியிலும் காஞ்சியிலும் பட்டுத்தறியில் பிள்ளைகள் உட்கார்ந்ததற்கு வறுமையும் முன்பணக் கடனும் மட்டும் காரணமல்ல. வேலையின் அமைப்பும் ஒரு காரணம். உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் சேரும் கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா ஓடவேண்டும். நெசவாளியின் இரண்டு கை போதாது. கரைப்பக்கம் நாடாவை வாங்கித் தள்ள இன்னொரு கை வேண்டும். அந்தக் கைக்குக் கூலி கொடுக்க வழியில்லாத வீட்டில் பிள்ளையின் கை அங்கே வந்து உட்கார்ந்தது. அப்பா அம்மா கல்நெஞ்சர்கள் என்று மேடையில் திட்டி நாடகம் போட்டால் அவர்கள் எழுந்து போய்விடுவார்கள். தறியில் அந்த மூன்றாவது கை யாருடையது, அதற்கு யார் கூலி கொடுக்க வேண்டும் என்று நாடகம் கேட்டால், கடன் கொடுத்தவரும், புடவை வாங்கியவரும், கல்யாணத்துக்கு அதைக் கட்டிக்கொண்டு கோவிலுக்கு வந்தவரும் எல்லாருமே கதைக்குள் வந்துவிடுகிறார்கள். நம்மில் பலர் கடைசி வகை.

தருமபுரியின் தெருக்களில்

பெண் சிசுக்கொலை 1990-களில் சேலம், தருமபுரி, மதுரைப் பகுதிகளில் பெரும் செய்தியாக இருந்தது. 1992-ல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவந்தது. காவல்துறை வழக்குகளும் போட்டது. வழக்கு போட்டால் சிறைக்குப் போவது பெரும்பாலும் அந்தத் தாய்தான். அவளை அதற்குத் தள்ளிய வீடும் வரதட்சணை கேட்ட ஊரும் வெளியே நிற்கும்.

இந்நிலையில், தருமபுரியில் 1997 முதல் 1999 வரை, டென்மார்க் உதவியோடு நடந்த சுகாதாரத் திட்டத்தின் கீழ் கலைக்குழுக்கள் கிராமம் கிராமமாகச் சென்றன. கலைப்பயணம் என்ற இந்த முறை அறிவொளி இயக்கத்தில் பழகியது. 1991-92-ல் புதுக்கோட்டையில் பெண்கள் எழுத்தும் சைக்கிளும் ஒருசேரக் கற்ற அந்த நாள்களை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது அங்கே மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் தருமபுரித் திட்டத்திலும் முக்கியப் பங்காற்றினார். வெங்கடேஷ் ஆத்ரேயாவுடன் சேர்ந்து அந்த அனுபவத்தை ஆய்வுக் கட்டுரையாகவும் எழுதினார். இக்கலைப்பயணம் நேரடியாகக் கொலையைப் பற்றிப் பேசி ஊரைக் கூண்டில் ஏற்றுவதைவிட, பெண் ஏன் சுமையாக எண்ணப்படுகிறாள் என்ற கேள்வியை ஊர் நடுவே வைத்தது. ஆட்டம் முடிந்த பின் கிராமச் சுகாதாரச் செவிலியரும் மகளிர் குழுக்களும் கர்ப்பிணிப் பெண் இருக்கும் வீடுகளுக்குத் தொடர்ந்து போனார்கள். நாடகம் மட்டும் போதும் என்று யாரும் அங்கே ஏமாறவில்லை.

2001 கணக்கெடுப்பில் தருமபுரியில் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகளே இருந்தனர். 2011-ல் அந்த எண் 900-ஐத் தாண்டியது. இடையில் 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்ததால் இரண்டு எண்களையும் அப்படியே ஒப்பிடுவது சரியாகாது. மாற்றம் முழுவதையும் கலைக்குழுக்களின் கணக்கில் எழுதுவதும் நேர்மையாகாது. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. ஸ்கேன் கருவி ஊருக்குள் வந்தபின் கொலை கருவறைக்கு இடம்மாறியது. அதை எந்தக் கூத்தும் எளிதில் எட்ட முடிவதில்லை. அது குளிரூட்டிய அறையில், இருவர் மூவர் மட்டும் அறிய நடக்கிறது.

பறை

இனி நம் வீட்டுக்குள் வருவோம்.

1990-ல் திண்டுக்கல்லில் ஐ.சி.எம். சபையைச் சேர்ந்த அருட்சகோதரி சந்திரா சக்தி கிராமியக் கலை மையத்தைத் தொடங்கினார். பள்ளியை இடையில் விட்ட, வறுமைப்பட்ட தலித் இளம்பெண்களைச் சேர்த்து அவர்களுக்குக் கிராமியக் கலைகளைக் கற்றுக்கொடுத்தார். குறிப்பாகப் பறை.

இதன் கனத்தை உணர வேண்டுமானால் பறையின் நிலையை நினைக்க வேண்டும். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் ஒன்றாகப் பறையையும் வைத்தது. பின் வந்த காலத்தில் அதே கருவி சாவு வீட்டுக்கு உரியதாகி, அடிப்பவர் தீண்டத்தகாதவர் ஆனார். சாவு விழுந்தால் அழைப்பு வரும், போய்த்தான் ஆகவேண்டும். கூலி என்பது கொடுப்பவர் மனம்போல. செத்த மாட்டின் தோல் தொட்டதால் தீட்டு என்றார்கள். அதே மனிதர்கள் மிருதங்கத்தை மேடையில் வைத்து மாலை போட்டார்கள். மிருதங்கத்திலும் தோல்தான் இருக்கிறது. அன்றியும் பறை ஆண்களின் கையில்தான் இருந்தது. பெண், அதுவும் தலித் பெண், பொது மேடையில் இடுப்பில் பறையைச் சாய்த்து, அடிவைத்து ஆடி அடிப்பது இரண்டு தடைகளை ஒரே வீச்சில் தாண்டுவது.

தலைகுனிந்து நடந்து பழகிய பெண் பறை அடிக்கும்போது தலை நிமிர்த்தாமல் அடிக்க முடியாது. காலை அகற்றி வைக்க வேண்டும். தோள் விரிய வேண்டும். பக்கத்தில் ஆடுபவளின் கண்ணைப் பார்க்க வேண்டும். நூறு கருத்தரங்குகள் சொல்லும் 'தன்மான'த்தை முதலில் உடம்பு கற்றுக்கொள்கிறது. மனம் பின்னால் வருகிறது. சக்தியின் பெண்கள் பறை அடித்து ஆடுவதை அமெரிக்க இசை ஆய்வாளர் ஸோயி ஷெரினியன் ஆவணப்படமாகவே எடுத்திருக்கிறார். மதுரையில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய, 2005-ல் மறைந்த தியோபிலஸ் அப்பாவுவும் (மக்கள் 'பரட்டை' என்று அழைத்தவர்) நாட்டுப்புற மெட்டுகளில் இறையியலைப் பாடியவர். நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர் அவர். ஆனால் அவரிடம் நாம் கற்க நிறைய இருக்கிறது.

ஆனால் இதில் ஒரு நியாயமான எதிர்க்குரலும் உண்டு. பறையடிக்க மாட்டோம் என்று மறுத்து, அதற்காக அடிபட்ட ஊர்கள் தமிழகத்தில் இருக்கின்றன. அவர்களுக்குப் பறை ஓர் அடிமைச் சங்கிலி. 'அதைத் தூக்கி எறிய நாங்கள் பட்ட பாடு என்ன, நீங்கள் அதை மீண்டும் எங்கள் பிள்ளைகளின் கழுத்தில் மாட்டுகிறீர்களே' என்பது அவர்கள் கேள்வி. இதற்கு வெளியில் இருப்பவர் பதில் சொல்ல உரிமையில்லை என்றே நினைக்கிறேன். யார் அடிக்கிறார்கள், யார் அழைத்ததால், எந்தக் கூலிக்கு, மறுக்கும் உரிமையோடா என்பதைப் பொறுத்தே அது சங்கிலியா இசையா என்பது அமையும்.

நம் திருச்சபை இதில் எங்கே நிற்கிறது? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ல் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டின் வழியாக மக்களின் சொந்த இசைக்கு வழிபாட்டில் இடம் கொடுத்தது. 2003 நவம்பரில் தமிழக ஆயர்களைச் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், சாதி அடிப்படையிலான பாகுபாடு திருச்சபையின் பணிக்கே தடை என்று வெளிப்படையாகக் கூறினார். 2004-ல் தமிழக ஆயர் பேரவை தலித் கிறிஸ்தவர்களின் முன்னேற்றத்துக்குப் பத்து அம்சத் திட்டம் வெளியிட்டது. 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவையும் தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டது. நல்ல ஆவணங்கள். ஆனால் அவற்றுக்கு இடையில்தான், 2008 மார்ச்சில், விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் ஒரே திருமறையைச் சேர்ந்த இரு சமூகத்தாரிடையே மோதல் வெடித்து, காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டில் இருவர் இறந்தனர். ஆவணம் படிக்கத் தெரியாததால் நடந்தது அன்று அது. ஆயரை வரவேற்கப் பறை வேண்டும், கல்லறைக்கு மட்டும் தனி வழி வேண்டும் என்று இருக்கும் இடத்தில், பறை வெறும் அலங்காரமாகிவிடுகிறது. கலைக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

ஒரு புத்தகம்

மேடைக் கலையை மட்டும் சொல்லி இலக்கியத்தை விட்டுவிட முடியாது. பாமாவின் 'கருக்கு' 1992-ல் வந்தது. கத்தோலிக்கத் தலித் குடும்பத்தில் பிறந்து, துறவற சபையில் சேர்ந்து, ஏழாண்டுகளில் வெளியேறிய ஒரு பெண்ணின் வாழ்க்கைக் கதை. பேச்சுத் தமிழில் எழுதப்பட்டது. நம் பள்ளிகளும் மடங்களும் அதில் வருகின்றன. வரும் விதம் நமக்கு இனிப்பாக இராது. அது வந்தபோது நம்மவர் சிலருக்கு ஏற்பட்ட கோபம் இன்றும் முழுதாகத் தணியவில்லை. ஆனால் ஒன்றைக் கேட்கத் தோன்றுகிறது. அதே செய்தியை ஒரு விசாரணைக் குழு அறிக்கையாகத் தந்திருந்தால் நாம் படித்திருப்போமா? அறிக்கையில் 'பாகுபாடு' என்ற சொல் இருக்கும். புத்தகத்தில் ஒரு சிறுமி இருக்கிறாள்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2024-ல், குருத்துவப் பயிற்சியிலும் எல்லா விசுவாசிகளின் வளர்ச்சியிலும் இலக்கியத்தின் பங்கைப் பற்றித் தனிக் கடிதமே எழுதினார். பிறருடைய கண்களால் பார்க்கவும் பிறருடைய குரலைக் கேட்கவும் இலக்கியம் பழக்குகிறது என்பது அதன் சாரம். நம் பங்கு நூலகங்களில் நவநாள் புத்தகங்களோடு 'கருக்கு'ம் ஒரு பிரதி இருந்தால் என்ன குறைந்துவிடும்?

கடல் கடந்து ஒரு குரு

ஈழத்தில் அருட்தந்தை நீ. மரியசேவியர் அடிகள் 1965-ல் யாழ்ப்பாணத்தில் திருமறைக் கலாமன்றத்தைத் தொடங்கினார். முதலில் திருப்பாடுகளின் நாடகங்கள். பிறகு நாட்டுக்கூத்து, இசை, ஓவியம், 'கலைமுகம்' என்ற இதழ் என்று விரிந்தது. போர் நடந்த காலம் முழுவதும் அம்மன்றம் இயங்கியது. இடப்பெயர்வுகளுக்கு இடையிலும் ஆடினார்கள். மொழி பிரித்த இரு இனத்தார் முன்னே சொல்லே இல்லாத நாடகத்தை மேடையேற்றியது அவர்களுடைய துணிச்சல்; கலிங்கப் போரில் வென்றபின் மனம் உடைந்த அசோகன் கதை அது. தமிழிலும் பேசவில்லை, சிங்களத்திலும் பேசவில்லை. யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. சிங்களக் கலைஞர்களோடு உறவுப் பாலமும் அமைத்தார்கள். போர் அதனால் நிற்கவில்லை. அடிகளார் 2021 ஏப்ரலில் இறைவனடி சேர்ந்தார்.

நம் அன்பியத்தில் எப்படி?

பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகுஸ்தோ போவால் 1973-ல் பெரு நாட்டில் எழுத்தறிவு இயக்கத்தில் பணியாற்றியபோது நடந்ததாக ஒரு நிகழ்ச்சி சொல்வார். கணவன் ஏமாற்றியதை அறிந்த மனைவி என்ன செய்ய வேண்டும் என்று நாடகத்தை நிறுத்தி மக்களைக் கேட்டார்கள். பார்வையாளரிடையே இருந்த ஒரு பருத்த பெண்மணி, மனைவி அவனோடு தெளிவாகப் பேச வேண்டும் என்றார். நடிகை பேசிக் காட்டினார். அப்படி இல்லை, இன்னும் தெளிவாக என்றார் பெண்மணி. மீண்டும் மீண்டும் செய்தும் அவருக்குத் திருப்தியில்லை. சலித்துப்போன போவால், நீங்களே மேடைக்கு வந்து செய்து காட்டுங்களேன் என்றார். வந்தவர் துடைப்பத்தை எடுத்துக் கணவனாக நடித்தவரை வெளுத்து வாங்கிவிட்டு, எனக்குச் சாப்பாடு எடுத்து வை என்று உட்கார்ந்தார். 'தெளிவாகப் பேசுவது' என்ற சொல்லுக்கு அவருடைய அகராதியில் அதுதான் பொருள்! பார்ப்பவரை நடிக்க அழைக்கும் மன்ற நாடக முறை இப்படித்தான் வளர்ந்தது. அதில் மக்களையும் மேடையையும் இணைக்க ஒருவர் நிற்பார். போவால் அவருக்கு 'ஜோக்கர்' என்று பெயர் வைத்தார். நம் கட்டியக்காரனுக்கு அவர் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம்.

செய்முறை எளிது. உள்ளூரில் உண்மையாக நடக்கும் ஒன்றைப் பத்து நிமிட நாடகமாக்க வேண்டும். முடிவு கெட்டதாகவே இருக்கட்டும். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆட வேண்டும். இம்முறை பார்வையாளர் எவரும் நிறுத்து என்று சொல்லி, பாதிக்கப்பட்டவரின் இடத்தில் தாம் நின்று வேறுவிதமாகச் செய்து பார்க்கலாம். எதிரே நடிப்பவர் விட்டுக்கொடுக்கக் கூடாது. பேசுவது எளிது, செய்வது எவ்வளவு கடினம் என்பது அங்கே எல்லார் முன்னிலையிலும் தெரிந்துவிடும். பெயர்களை மாற்றியே ஆகவேண்டும். யாரையும் குறிவைத்துச் செய்தால் அது பழிவாங்கலாகிவிடும். காயம்பட்டவரை அவருடைய காயத்தையே நடிக்கச் சொல்லி வற்புறுத்துவது பாவம். வெளியிலிருந்து கலைஞர்களை அழைத்தால் பேசிய கூலியைக் கொடுக்க வேண்டும்; ஒலிபெருக்கிக்காரருக்கு ரொக்கம், பறைக் கலைஞருக்குப் பொன்னாடை என்ற வழக்கம் நம்மிடம் இருக்கிறது.

இயேசுவும் இப்படித்தானே செய்தார்? என் அயலான் யார் என்று கேட்ட சட்ட அறிஞருக்கு விளக்கம் தரவில்லை. கதையைச் சொல்லிவிட்டு, இந்த மூவரில் யார் அயலான் என்று கேள்வியை அவரிடமே திருப்பினார் (லூக்கா 10:25-37). அந்த அறிஞரின் பதிலைக் கவனித்திருக்கிறீர்களா? 'சமாரியர்' என்ற சொல் அவர் வாயில் வரவேயில்லை. இரக்கம் காட்டியவரே என்று சுற்றி வளைத்துச் சொல்கிறார். கதை அவரை அதுவரை கொண்டுவந்துவிட்டது. அந்த ஒரு சொல்லைச் சொல்ல மட்டும் நாக்கு எழவில்லை.

தவக்காலம் வந்தால் பல பங்குகளில் பாஸ்கா நாடகம் போடுகிறோம். புதிதாக எதுவும் தொடங்க முடியாதவர்கள் அதிலேயே தொடங்கலாம். ஒத்திகைக்கு முன் வேடம் பிரிக்கும் கூட்டத்துக்கு இளைஞர்களோடு பெரியவர்களும் வந்து உட்காரட்டும். சென்ற பத்தாண்டுகளின் பாஸ்காப் படங்கள் பங்கு இல்லத்திலோ யாராவது ஒருவரின் கைப்பேசியிலோ இருக்கும். அவற்றையும் எடுத்து வந்து பாருங்கள். இயேசுவாக நின்றவர்கள் எந்தெந்தத் தெருக்காரர்கள், சீமோனாகச் சிலுவை சுமந்தவர்கள் எந்தத் தெருக்காரர்கள், சவுக்கைக் கையில் பிடித்தவர்கள் யார், இராவுணவுக் காட்சியில் ஒரே மேசையில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு படமாக எண்ணிப் பார்க்கலாம்.